மிஷினுக்கு வைத்த சந்தனம்

முதல் ரோஜா போனபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது போனபோது தோட்டத்துச் சொந்தக்கார அம்மா முகத்தைச் சுளித்தார். மூன்றாவது பூவை மிஷின் முழுசாக உள்ளே இழுத்துக்கொண்டு, கரகரவென்று மென்று, மேல்பக்கமாகத் துப்பியது.

சிவப்பு இதழ்கள் ஷெட்டின் கூரைவரை போய் நிதானமாக இறங்கின. எதிரே நின்றிருந்த பேராசிரியரின் தலையில் கொஞ்சம், தோளில் கொஞ்சம், சட்டைப் பைக்குள் ஒன்று.

பாகலூரைத் தாண்டி இருக்கும் ஒரு ரோஜாத் தோட்டம் அது. பறித்த பூக்களின் முள்ளை நீக்கி, ரகம் பிரித்து, அட்டையில் சுற்றிக் கட்டுகிற ஷெட். மேசைகளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு பொத்தி வைக்க முடியவில்லை.

“அய்யோ, சாரப் பாருங்கடி. தாலி கட்டுன மாப்ள மாதிரியே நிக்கிறாரு.”

“அதான் அட்சத தூவியாச்சே. சாப்பாடு எங்கடி?”

பேராசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல்லூரியிலிருந்து அவரோடு வந்திருந்த மேடம் மட்டும் சிரிக்காமல் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்காதவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தோம். பூ பிரிக்கிற மேசையருகே நின்ற என் மனைவி ஜெயம்மா. வாசலோரம் ஒதுங்கி நின்ற நான். என் பக்கத்தில், மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த என் சிநேகிதன் நாகராஜு. சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, அதை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்ற எங்கள் மகள் பவித்ரா.

அந்த மிஷின் அவள் செய்தது. அன்றைக்கு அது சரியாக ஓடினால் அவளுக்கு ஐந்தாவது வருடப் படிப்பு உண்டு. ஓடாவிட்டால் இல்லை.

இது இன்னா படிப்பு?

இதுவரை வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் தொழிற்சாலைக்குள் நடந்ததையே எழுதி வந்தேன். வீட்டில் நடந்ததை எழுதக் கூச்சம். போன வாரம் ஜெயம்மாதான், “பிரஸ் ஷாப்பயே எத்தன வாரத்துக்கு ஓட்டுவீங்க? எம்பொண்ணப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாதா?” என்று கேட்டாள். எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஓசூருக்கு வேலைக்கு வந்து, தகடு வெட்டுகிற பிரஸ் மிஷினில் நின்றே பாதி வயது போய்விட்டது. அந்த மிஷினின் சத்தத்தில் பேச்சுக்கு வேலையில்லை. எனக்கு அது பெரிய வசதியாக இருந்தது.

என் கூச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மத்திகிரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தில் வேறு யாரும் இறங்கவில்லையென்றால், “நிறுத்துங்க” என்று கத்த எனக்கு வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். கல்யாணமான புதிதில் ஜெயம்மா ஒருநாள் என்னோடு அப்படி நடந்துவிட்டு, “உங்க வாயில பூட்டு போட்டுத்தான் உங்கம்மா பெத்தாங்களா?” என்றாள். அவள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். தமிழில் திட்டும்போது மட்டும் ஒரு பிழை வராது.

பவித்ரா முகத்தில் அவள் அம்மா. வாயில் நான்.

அவள் எடுத்துக்கொண்ட படிப்பு சேலம் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கும் வியாபார நிர்வாகமும் சேர்ந்து ஐந்து வருடம். நான்காவது வருடத்தில் ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். செய்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தப் போகிறவர் இருக்கும் இடத்தில், அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் தேறினால் ஐந்தாவது வருடம். தேறாவிட்டால் இன்ஜினியரிங் பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அதுவும் நல்ல பட்டம்தான். ஆனால் அவளுக்கு இரண்டும் வேண்டும்.

“செய்யத் தெரிஞ்சா போதாதுப்பா. இது யாருக்கு வேணும், ஏன் வேணும்னு தெரியணும். அது தெரியாம செஞ்ச மிஷினெல்லாம் எங்க காலேஜ் லேப்ல தூசி புடிச்சிக் கெடக்குது.”

இதை அவள் என்னிடம் சொன்னது நன்றாகப் புரிந்தது. டீக்கடையில் மற்றவர்களுக்கு விளக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

“உம்பொண்ணு இன்னா படிக்குது?”

“மெக்கானிக்கலு. கூடவே பிசினஸ்ஸு.”

“பிசினஸ்னா? கடை வெக்கறதா? அதுக்கு எதுக்குய்யா காலேஜு? எங்க மாமன் மூணாங்கிளாசு. நாலு கடை வெச்சிருக்கான்.”

“பொம்பளப் புள்ளைக்கு மெக்கானிக்கலே ஜாஸ்தி. அதுல ஒண்ணுக்கு ரெண்டா?”

நான் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். வீட்டுக்கு நடக்கும் வழியில் நல்ல பதில் ஒன்று வந்தது. எப்போதும் அப்படித்தான், பதில் எனக்குப் பின்னால் நடந்து வரும்.

ஒரு ஸ்பேனர் விற்ற கதை

மெக்கானிக்கல் வகுப்புகள் அவளுக்குச் சர்க்கரைப் பொங்கல். வியாபார வகுப்புகள்தான் கசப்பு. முதல் வருடத்திலேயே ஒரு மேடம் ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு பொருளை எடுத்துவரச் சொல்லி, வகுப்புக்கு முன்னால் நின்று அதை விற்றுக்காட்டச் சொன்னாராம். ஒரு பையன் பழைய ஷூவை விற்றான். ஒரு பெண் தன் அம்மா போட்ட மாங்காய் ஊறுகாயை விற்றாள். பவித்ரா என் பையிலிருந்து எடுத்துப்போன ஸ்பேனரோடு எழுந்து நின்றாள். நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது.

“அப்பா, எனக்குப் பேச்சே வரல.”

நான் என்ன சொல்ல? “ம்” என்றேன்.

“நான் வெறும் மெக்கானிக்கலுக்கே மாறிக்கட்டுமா?”

அதற்கும் “ம்” என்று சொல்லியிருப்பேன். ஜெயம்மா போனைப் பிடுங்கினாள். “ஏண்டி, ஸ்பேனரு இன்னாத்துக்கு வேணும்னு யாராவது கேட்டாங்களா? கேக்கல இல்ல? கேக்காதவங்ககிட்ட எப்படிடி விக்கிறது? ஸ்பேனரு இல்லாம அவஸ்தப்படறவன் எதுக்க போயி நில்லு. தானா வாயி வரும்.”

இதை எந்த வகுப்பில் கற்றாள் என்று கேட்டேன். “எங்கம்மா கூடையில தக்காளி வித்தவங்க” என்றாள்.

பவித்ரா படிப்பை மாற்றவில்லை. வாய் மட்டும் உடனே வந்துவிடவில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் வரும்போது, கண்ணாடி முன் நின்று ஏதாவது பேசிப் பார்ப்பாள். நான் அறைக்குள் போனால் நிறுத்திவிடுவாள். அதனால் போகாமலே இருந்தேன்.

அம்மாவின் விரல்கள்

ஜெயம்மாவுக்கு அந்த ரோஜாத் தோட்டத்தில்தான் வேலை. பூ பிரிக்கும் முன் தண்டில் இருக்கும் முள்ளையும் கீழ் இலையையும் உருவி எடுக்க வேண்டும். கையுறை போட்டால் வேலை ஓடாது என்று விரல்களில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வார்கள். அது சாயங்காலத்துக்குள் நனைந்து உரிந்துவிடும். ராத்திரி சமையலுக்குப் பச்சைமிளகாய் கிள்ளும்போது, உஸ் உஸ் என்று ஒரு சத்தம் அடுப்படியிலிருந்து வரும். மிளகாயைக் கிள்ளிப்போடும் வேலையை அதனால்தான் பிற்பாடு நான் எடுத்துக்கொண்டேன்.

நான்காவது வருடத் தொடக்கத்தில் என்ன செய்வது என்று தேடிக்கொண்டு பவித்ரா விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போய் அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஜெயம்மா, “இன்னாடி, ஜோசியமா?” என்றாள்.

ரோஜாத் தண்டில் முள் நீக்கும் மிஷின் அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு ரப்பர் உருளைகள். தண்டின் அடிப்பக்கத்தைக் கொடுத்தால் இழுத்துக்கொண்டு, முள்ளையும் இலையையும் உருவும். பூ பக்கத்தில் வரும்போது ஒரு சின்ன சென்சார் அதைப் பார்த்துவிடும். உடனே உருளைகள் விலகி, பூவை விட்டுவிடும். அந்தச் சென்சார் ஒரு பொத்தான் அளவுதான். மூடிக்குள் உட்கார்ந்திருக்கும்.

ஷெட்டுப் பெண்கள் சும்மா விடவில்லை.

“ஜெயக்கா, உம்பொண்ணு மிஷின் கொண்டாந்தா நாங்க வீட்டுக்குப் போவணுமா?”

“முள்ளு எடுக்கத்தான்டி மிஷினு. எந்தப் பூவு எந்தக் கட்டுல போவும்னு அதுக்குத் தெரியுமா? கையில ரத்தம் வந்தாத்தான் வேலன்னு நெனச்சிக்கினியா?”

தோட்டத்துச் சொந்தக்காரர் லட்சுமம்மா. புருஷன் போன பிறகு தனியாகத் தோட்டத்தை நடத்துகிறவர். கம்பெனிக்காரர்கள் யார் எதை விற்க வந்தாலும் ஷெட் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிடுவார். பவித்ராவை உள்ளே விட்டார். “ஓட்டிக் காட்டு பாப்பா. நல்லா இருந்தா நல்லா இருக்குதுன்னு சொல்வேன். இல்லன்னா இல்லன்னு சொல்வேன். ஜெயம்மா பொண்ணுன்னு பாக்க மாட்டேன்.”

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

நாகராஜுவின் பட்டறை

செய்ய இடம் வேண்டுமே. நாகராஜு கொடுத்தான்.

என்னோடு அதே தொழிற்சாலையில் பக்கத்து மிஷினில் நின்றவன் அவன். கன்னடக்காரன். வேலையை விட்டுவிட்டு மத்திகிரி ரோட்டின் பின்னால் மூன்று லேத் போட்டுச் சின்னதாகப் பட்டறை வைத்தான். நான் பேசாமலே இருப்பதால் என்னோடு பேசுவது அவனுக்குப் பிடிக்கும். தினமும் சாயங்காலம் டீக்கடையில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசுவான்.

பட்டறையில் ஒரு மூலையைக் காலி செய்து பவித்ராவுக்குக் கொடுத்தான். அவள் வந்து நின்றாலே, “எம்.டி. மேடம் வந்துட்டாங்க, எல்லாரும் நேரா நில்லுங்கப்பா” என்பான். அவள் கேட்கிற அளவில் உருளைக்கு அச்சு கடைந்து கொடுத்தான். சரியில்லை என்றால் முணுமுணுக்காமல் மறுபடி கடைந்தான். அவன் மனைவி கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் அனுப்புவாள். பதிலுக்கு எதுவும் வாங்க மாட்டான். “மாமான்னு கூப்புடுது. அப்புறம் இன்னாத்துக்கு?” என்பான்.

மிஷின் தயாரானது ஆயுத பூஜை சமயத்தில். போன ஆயுத பூஜை. பவித்ரா முந்தின நாள் பட்டறையில் வாளி நிறையத் தண்டுகளை ஓட்டிப் பார்த்தாள். ஒரு இதழ்கூட உதிரவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பெங்களூர்ப் பக்கத்து மாணவர்களை ஒரே சுற்றில் பார்த்துவிட்டு வரும் ஆசிரியர்கள் இரண்டு பேர் விஜயதசமி முடிந்த மறுநாள் தோட்டத்துக்கு வருவதாக ஏற்பாடு.

பூஜை

எங்கள் ஊரில் ஆயுத பூஜை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரில் தீபாவளியைவிட அது பெரியது என்பேன். முந்தின நாளே வேஸ்ட் துணியும் மண்ணெண்ணெயுமாக எல்லா மிஷினும் குளிக்கும். வாசலில் வாழைக்கன்று. மிஷினுக்கு மிஷின் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பூசணிக்காய் உடைக்கிற சத்தம் தெருவுக்குத் தெரு. பொரியும் பொட்டுக்கடலையும் வெல்லமும் பொட்டலம் பொட்டலமாக. அன்றைக்கு மட்டும்தான் தொழிற்பேட்டையில் எண்ணெய் வாசனைக்கு மேலே ஊதுபத்தி வாசனை நிற்கும்.

அன்று வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டோம். அது தானாகக் காய்ந்து உதிர வேண்டும். மறுநாள் காலை ஒவ்வொரு மிஷினையும் ஒரு சுற்று ஓடவிட்டு நிறுத்துவோம்.

பூஜைக்கு நான் நாகராஜுவின் பட்டறைக்குப் போயிருந்தேன். பவித்ரா வரவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

லேத்துகளுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்துவிட்டு, நாகராஜு சந்தனக் கிண்ணத்தோடு மூலைக்கு வந்தான். தார்ப்பாயை எடுத்தான். உருளைக்கு ஒரு பொட்டு. மோட்டாருக்கு ஒன்று. பிறகு மூடியைத் திறந்தான்.

“பாப்பா சொல்லிச்சு, இந்த மிஷினுக்கு உசுரே இங்கதான் இருக்குதுன்னு. இங்க வெக்காம வேற எங்க வெக்கறது?”

குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுங்காமல், சென்சாருக்கு நேர் மேலே அழகாக ஒரு பொட்டு வைத்தான். அதன் மேல் குங்குமம். மூடியைப் போட்டு மாலை சாத்தினான். கற்பூரம் காட்டினான். எல்லாரும் கும்பிட்டோம். என் கண் கலங்கியது. யார் வீட்டுப் பெண்ணோ செய்த மிஷின், தன் மிஷின்களோடு மாலை போட்டுக்கொண்டு நிற்க இடம் கொடுத்தவன் அவன்.

மறுநாள் ஒரு சுற்று ஓடவிட்டான். உருளைகள் சுற்றின. பூ எதுவும் கொடுத்துப் பார்க்கவில்லை. பூஜைக்கு மறுநாள் சுற்றில் அப்படி யாரும் பார்ப்பதில்லை.

அதற்கும் மறுநாள் காலை மிஷின் குட்டி யானை வண்டியில் ஏறி நேராகத் தோட்டத்துக்கு வந்தது. மாலையோடும் பொட்டோடும் பார்த்த பவித்ரா சிரித்தாள். உருளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாகராஜு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டுக்கு வந்தவன் போல நின்றான்.

மஞ்சளான விரல்

இப்போது அந்த ஷெட்டுக்கே திரும்பி வருகிறேன்.

லட்சுமம்மாதான் கைநீட்டிச் சுவிட்சை அணைத்தார். சிரிப்பும் மெதுவாக அணைந்தது. பேராசிரியர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பவித்ரா மிஷினின் முன் மண்டியிட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே விரலை விட்டாள். வெளியே எடுத்தபோது விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

அவள் விரலைப் பார்த்தாள். தலையைத் தூக்கி நாகராஜுவைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துவிட்டாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டான். 

மேடம் கேட்டார். “கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணே பவித்ரா?”

“பூஜைக்கு முந்தின நாள், மேடம்.”

“அன்னைக்குச் சரியா ஓடுச்சா?”

“ஓடுச்சு மேடம்.”

“அதுக்கப்புறம் இதை யார் தொட்டது?”

ஒரு வார்த்தை போதும். பட்டறையில் பொட்டு வைத்தார்கள் என்று அவள் சொன்னால் அது பொய்யில்லை. இன்னொரு நாள் கொடுத்துவிடுவார்கள். ஐந்தாவது வருடம் அவள் கையைவிட்டுப் போகாது. அத்தனை பேர் நடுவில் இஸ்திரிச் சட்டையோடு நிற்கும் நாகராஜு மட்டும் குறுகிப் போவான். அவனே முன்னால் வருவதற்கு ஒரு காலை எடுத்து வைத்தான். “மேடம், அது...” என்று ஆரம்பித்தான்.

“யாரும் தப்பா எதுவும் செய்யல மேடம்.”

பவித்ராவின் குரல். ஆரம்பத்தில் அது உடைந்துதான் வந்தது. எழுந்து நின்றாள்.

“ஆயுத பூஜைக்குச் சந்தனம் வெச்சிருக்காங்க. அது சென்சார மறைச்சிடுச்சு. இந்த ஊர்ல எல்லா மிஷினுக்கும் வெப்பாங்க. நாளைக்கு இது இந்த ஷெட்டுக்கு வந்தாலும், இந்த அக்காங்க வெப்பாங்க. எங்க அம்மாவே வெப்பாங்க. நான் சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா டிசைன் பண்ணும்போது ஞாபகம் வரல. மூடி தொறந்து விரல் போற மாதிரி விட்டது நான். குறை என் டிசைன்லதான் மேடம்.”

 அவ்வளவு நீளமாக அவள் அந்நியர் முன்னால் பேசி நான் கேட்டதில்லை.

லட்சுமம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். “அது நெஜந்தாம்மா. எங்க போர் மோட்டாருக்கு வெப்போம், ஸ்டார்ட்டருக்கு வெப்போம், மருந்தடிக்கிற மிஷினுக்கு வெப்போம். இந்த வருஷம் எம்பேரன் என் போனுக்கே வெச்சான். போட்டோ எடுத்தா எல்லார் மூஞ்சியும் காமாலை வந்த மாதிரி வருது.”

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை மேடமும் சிரித்தார்.

பேராசிரியர் கேட்டார். “சரி, இதுக்கு என்ன செய்வே? பொட்டு வைக்காதீங்கன்னு எழுதி ஒட்டுவியா?”

“எழுதினா யாரும் கேக்க மாட்டாங்க சார். மிஷின் நின்னா தானா மூடிக்கற மாதிரி உள்ளே ஒரு தகடு போடணும்.” கொஞ்சம் தயங்கினாள். “முன்பக்கம் பித்தளையில சின்னதா ஒரு வட்டமும் வெக்கணும். பொட்டு வெக்கறதுக்கு. வெக்கறவங்களுக்கு இடம் வேணும் இல்லீங்களா சார்?”

பேராசிரியர் மேடத்தைப் பார்த்தார். மேடம் எதையோ குறித்துக்கொண்டார்.

பவித்ரா வாசல் பக்கம் திரும்பினாள். “மாமா, அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கினு வாங்க.”

நாகராஜு போனான். எடுத்துவந்து சென்சாரின் திருகாணியைக் கழற்றினான். ஜெயம்மா தண்ணீர் பாட்டிலும் துணியுமாக ஓடினாள். மூன்று பேரும் குனிந்து துடைத்ததைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அடுத்த ரோஜா உள்ளே போனது. முள்ளும் இலையும் கீழே கொட்டின. உருளைகள் விலகின. பூ ஒரு இதழ் கசங்காமல் பவித்ராவின் கையில் இருந்தது.

“இந்தப் பூவு தப்பிச்சிக்கிச்சு” என்றாள் மேசையிலிருந்து ஒருத்தி.

லட்சுமம்மாவின் பதில்

வியாபாரப் பக்கத்துக்கு அதோடு முடியவில்லை. மேடம் லட்சுமம்மாவிடம் நேராகக் கேட்டார். “இதை நீங்க வாங்குவீங்களா?”

“இப்பவா? வாங்க மாட்டேன்.”

ஜெயம்மா கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். அதில் தண்ணீர் இல்லை.

“அந்தத் தகட்டப் போட்டு எடுத்தாரட்டும். அடுத்த பூஜை வரைக்கும் இங்கியே ஓடட்டும். என் பொண்ணுங்க கையில ஒரு வருஷம் தாங்கிச்சின்னா வாங்கிக்கறேன்.”

“மூணு பூவைத் தின்ன மிஷினை எதுக்கு ஒரு வருஷம் இங்க விடறீங்க?”

லட்சுமம்மா கீழே கிடந்த இதழ்களைக் காலால் ஓரம் தள்ளினார். “எங்கிட்ட மிஷினு வித்தவங்க எத்தினியோ பேரு வந்திருக்காங்க. ரிப்பேர்னு கூப்ட்டா, நீங்க சரியா ஓட்டலன்னுதான் சொல்வாங்க. என் தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இந்தப் பாப்பா சொல்லிச்சு. நாளைக்கு ரிப்பேரு ஆனாக்கா போன எடுக்கும் இல்ல?”

மேடம் தலையாட்டினார். முடிவைப் பிறகு சொல்வோம் என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் காரில் ஏறிப் போனார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

லட்சுமம்மாவுக்கு நான் அன்று நன்றி சொல்லவில்லை. கும்பிடக் கை வந்தது, அவர் அதற்குள் உள்ளே போய்விட்டார். அவருக்கு இந்த வாரப் பத்திரிகையை ஜெயம்மா கொண்டுபோய்க் கொடுப்பாள்.

வராத சாயங்காலங்கள்

திரும்பி வரும் வழியெல்லாம் நாகராஜு பேசவில்லை. அவன் பேசாத பயணம் அதுதான் எனக்கு முதல். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

“நான்தான் கெடுத்தேன். புள்ள என்னைக் காட்டிக் குடுக்கல. ஆனா நான்தான்.”

ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவன் கையின்மேல் கையை வைத்தேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

அதன் பிறகு அவன் டீக்கடைக்கு வரவில்லை. நான் தனியாகப் போய்த் தனியாகக் குடித்துவிட்டு வந்தேன். அவன் பேச்சில்லாமல் அந்தக் கடை இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பட்டறைக்குப் போனால் லேத்தில் தலையைக் கவிழ்த்துக்கொள்வான். வேலை ஜாஸ்தி என்பான். ஜெயம்மா தெருவில் பிடித்துக் கேட்டதற்கு, “ரிசல்ட் வரட்டும் அக்கா” என்றானாம். வராவிட்டால் என்ன செய்வான் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பவித்ரா விடுதிக்குப் போய்விட்டாள். போகும் முன் தகட்டையும் பித்தளை வட்டத்தையும் வரைந்து நாகராஜுவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் வேலைகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் அதைத்தான் செய்தான். மிஷினை லட்சுமம்மாவின் ஷெட்டில் கொண்டுபோய் இறக்கியதும் அவன்தான். எங்கள் வீட்டு வழியாகப் போகாமல், சுற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஜெயம்மா ஊறப்போட்ட துணிக்குப் பக்கத்திலும் போனை வைத்துக்கொண்டே திரிந்தாள்.

அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வார விடுமுறை. நான் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தெருமுனையில் யாரோ ஓடி வருகிற சத்தம். பார்த்தால் நாகராஜு. மடித்துக் கட்டிய லுங்கி, ஒரு காலில்தான் செருப்பு, கையில் போன்.

“பாஸாயித்து! பாஸாயித்து!”

அவசரத்தில் அவனுக்குக் கன்னடம்தான் வந்தது. ஜெயம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

“யாருய்யா பாஸு? இன்னா பாஸு?”

“பாப்பா! அஞ்சாவது வருஷம் குடுத்துட்டாங்க அக்கா! இப்பத்தான் போன் பண்ணிச்சு!”

ஜெயம்மா தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“என் போனு அடிக்கவே இல்லியே.” அவள் குரல் ஏறியது. “பெத்தவ நானு இங்க குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன். உனக்கா மொதல்ல சொன்னா?”

நாகராஜு மூச்சு வாங்க எங்கள் வாசல்படியில் உட்கார்ந்தான். முகத்தை லுங்கி நுனியால் துடைத்தான். துடைக்கத் துடைக்க நனைந்தது.

“ஆமாக்கா” என்றான். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னான். “எனக்குத்தான் மொதல்ல.”